கேட்ச் என்ற ஒரு சொல்லும் எங்கள் கரையின் பிடியும்

இங்கிலீஷில் பெரிய சொற்கள் யாரையும் அவ்வளவாகப் படுத்துவதில்லை. போட்டோசிந்தசிஸ் என்றால் ஒளிச்சேர்க்கை, ஒரு தடவை மனப்பாடம் பண்ணினால் முடிந்தது, அது வேறெங்கும் வேறு அர்த்தத்தில் வந்து நிற்காது. ஆளைத் திணறடிப்பது கெட், செட், டேக், ரன், கேட்ச் மாதிரியான பொடிச் சொற்கள்தான். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் எல்லாச் சொல்லையும் விட அதிக இடத்தை எடுத்துக்கொண்டது செட் என்கிற மூன்றெழுத்துச் சொல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் இவற்றை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை, ‘கேட்ச் என்றால் பிடி’ என்று ஒரே வரியில் போய்விடுவார்கள். பிள்ளைகளும் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே பன்னிரண்டாவது வரை வந்துவிடுகிறார்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு மீனவக் குடியிருப்பில் சாயங்கால நேரம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் ஒரே வயதுக்காரர்கள் இல்லை. நாட்டுப்படகில் அப்பாவோடு கடலுக்குப் போகிற பையன்கள், அம்மா பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போய்விட்டால் வீட்டைப் பார்த்துக்கொண்டு அப்புறம் நோட்டுப் புத்தகத்தோடு ஓடிவருகிற பெண் பிள்ளைகள், நர்சிங் படிக்கிற ஒருத்தி, வளைகுடா வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிற இரண்டு மூன்று பேர். இவ்வளவு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்லை எடுக்கலாம் என்று யோசித்தபோது எனக்குக் கேட்ச்தான் தோன்றியது. காரணம் சுலபம். விடிந்ததிலிருந்து எங்கள் கரையில் ‘பிடி’ என்ற சொல் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. அந்தப் பழக்கம் ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது, அதை வைத்தே இங்கிலீஷுக்குள் நுழையலாம் என்று நினைத்தேன். அகராதியை மூடி வைக்கச் சொன்னேன்.

முதல் வேலை, வீட்டில், கரையில், பஸ்ஸில் நாம் பிடி, பிடிக்க, பிடிச்சு என்று சொல்கிற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வருவது. பக்கம் பக்கமாக எழுதினார்கள். மீன் பிடிக்க, பஸ் பிடிக்க, சளி பிடிக்க, தீப்பிடிக்க, திருடனைப் பிடிக்க, பந்தைப் பிடிக்க. அப்புறம் தண்ணி பிடிக்க, இடம் பிடிக்க, வீடு பிடிக்க, போட்டோ பிடிக்க, குடை பிடிக்க, அடம் பிடிக்க, கால் பிடித்துவிட, துருப்பிடிக்க, டவர் பிடிக்க, நேரம் பிடிக்க, சம்பளத்தில் பிடிக்க, கடைசியாக ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’. அந்தக் கடைசி வரியை எழுதிய பையன் யாரென்று எல்லாரும் தேடினார்கள், நான் சொல்லவில்லை.

இரண்டாவது வேலை, வலையில் வந்ததைக் கொட்டி நகரை தனி, காரல் தனி, நண்டு தனி என்று கூறு பிரிக்கிற மாதிரி இந்தப் பட்டியலைப் பிரிப்பது. தமிழ்ப் பிடியும் இங்கிலீஷ் கேட்சும் சேர்ந்து போகிற இடம் ஒரு கூறு. தமிழில் பிடி இருக்கிறது, இங்கிலீஷில் கேட்ச் கிடையாது என்பது இன்னொன்று. இங்கிலீஷில் கேட்ச் இருக்கிறது, தமிழில் நாம் வேறு சொல் சொல்வோம் என்பது மூன்றாவது. மூன்றாவதைப் பிள்ளைகளால் தாங்களாகக் கண்டுபிடிக்க முடியாது, அதை நான் கொண்டுவந்து போட வேண்டும்.

முதல் கூறில் சிக்கல் குறைவு என்று நினைப்பீர்கள். ஆனால் அதில்தான் நுணுக்கமான ஓர் இடம் இருக்கிறது. ‘எனக்குச் சளி பிடிச்சிருக்கு’ என்கிறோம். தமிழில் சளி வந்து நம்மைப் பிடிக்கிறது. இங்கிலீஷில் தலைகீழ், நாம்தான் சளியைப் பிடிக்கிறோம்: ‘ஐ ஹேவ் காட் எ கோல்ட்’. இதைத் தமிழ் மாதிரியே போட்டு ‘கோல்ட் காட் மீ’ என்று எழுதிவிடுகிறார்கள், கேட்கிறவருக்கு ஒன்றும் புரியாது. ஆனால் ‘படகு தீப்பிடிச்சிருச்சு’ என்பது அப்படியே நேராக வரும், ‘தி போட் காட் ஃபயர்’. இங்கே படகுதான் தீயைப் பிடிக்கிறது, இரண்டு மொழியிலும். யாராவது வேண்டுமென்றே தீ வைத்தால் கேட்ச் வராது, அதற்கு ‘செட் ஃபயர் டு’ என்று வேறு சொல் இருக்கிறது.

நோய்களில் தொற்றிக்கொள்வதற்கு மட்டும்தான் கேட்ச் போடலாம். சளி, ஃப்ளூ, அம்மை, இதெல்லாம் சரி. சர்க்கரை, பிரஷர் எல்லாம் யாரிடமிருந்தும் தொற்றுவதில்லை, அதனால் அங்கே கேட்ச் போடக் கூடாது, ‘ஐ ஹேவ்’ என்று சொன்னால் போதும். நர்சிங் படிக்கிற பெண்ணுக்கு இது ரொம்ப முக்கியம் என்று தனியாகக் குறித்துக்கொடுத்தேன். நோயாளியிடம் பேசும்போது இந்த ஒரு சொல்லே ‘இது ஒட்டிக்கொள்ளும்’ என்று பயம் காட்டிவிடும். தொற்றக்கூடியது என்பதற்கே ‘கேட்சிங்’ என்றொரு பேச்சுச் சொல் இருக்கிறது.

ரயில், பஸ் விஷயத்தில் டேக், கேட்ச் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழே சொல்லித் தருகிறது. ‘மதுரைக்கு ரயில்ல போறேன்’ என்றால் டேக். ‘சாயங்கால ரயிலைப் பிடிக்கணும்’ என்றால் கேட்ச், அதற்குள் ஓர் அவசரம் இருக்கிறது, விட்டால் போய்விடும் என்கிற பயம் இருக்கிறது. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கிற வரைக்கும் தீவில் இருக்கிறவர்கள் எல்லாரும் மண்டபத்துக்கு வந்துதான் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. தங்கச்சிமடத்திலிருந்து வருகிற பையன் அதை வைத்தே வாக்கியம் எழுதினான், ‘வி ஹேட் டு கேட்ச் தி டிரெயின் அட் மண்டபம்’. சொந்த அனுபவம் உள்ள வாக்கியம் மறக்காது. எதிர்ச்சொல்லையும் அங்கேயே சேர்த்துப் படித்துவிட வேண்டும், கேட்ச் பண்ணாவிட்டால் மிஸ்.

அப்புறம் இறந்தகாலம். ‘கேட்ச்ட்’ என்று சொல்லாத பிள்ளையே கிடையாது, அது இயல்பு. சரியானது காட், அதாவது சி, ஏ, யு, ஜி, எச், டி. நடுவில் உள்ள ஜி, எச் இரண்டையும் உச்சரிக்கக் கூடாது, கோர்ட் என்பதில் ர் இல்லாமல் இழுத்துச் சொன்னால் ஏறக்குறைய வந்துவிடும். கெட் என்பதன் இறந்தகாலத்தைத் தமிழில் எழுதினாலும் இதே காட் என்றுதான் வரும். ஆனால் அதில் முதல் எழுத்து மெலிந்து ஒலிக்கும், நீட்டமும் கிடையாது. அதனால் இந்த இரண்டையும் தமிழில் எழுதிப் படிக்கவே கூடாது, காதால் கேட்டுத்தான் பழக வேண்டும். டீச் என்பதன் இறந்தகாலம் டாட் இருக்கிறதே, அதே வால் எழுத்துகள்தான் இதற்கும். இரண்டையும் ஜோடியாகப் படித்தால் நிற்கும். இன்னொரு செய்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. கேட்ச், சேஸ் இரண்டும் ஒரே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்த சொற்கள். விரட்டுவதும் பிடிப்பதும் அடியில் ஒன்று. இது தெரிந்தபிறகு கேட்ச் என்ற சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெளிவாகிவிட்டது, அடுத்த கூறுக்கு அதுதான் சாவி.

படகு பாலத்தடிக்கு, அதாவது படகு அணைகிற துறைக்கு, வரும்போது அணியத்தில், படகின் முன்பக்கத்தில், நிற்கிறவர் கயிற்றைச் சுருட்டிக் கரையில் நிற்கிற ஆள் மேல் வீசுவார். ‘பிடி’ என்பார். கயிறு காற்றில் வரும்போது எட்டி வாங்குகிறானே, அந்தக் கணம்தான் கேட்ச். கையில் வந்தபிறகு, படகு அலையில் ஆடிக்கொண்டிருக்கும்போது, ‘பிடிச்சுக்கடா, விட்டுறாத’ என்பார். அது ஹோல்ட். தமிழிலும் வித்தியாசம் இருக்கிறது பாருங்கள், முதலில் பிடி, அடுத்தது பிடித்துக்கொள். அந்தக் ‘கொள்’ வந்தால் பெரும்பாலும் இங்கிலீஷில் ஹோல்ட். ஓடிக்கொண்டோ பறந்துகொண்டோ நழுவிக்கொண்டோ இருக்கிற ஒன்று நம் கைக்கு வந்து நிற்கிற நேரம் கேட்ச். ஏற்கெனவே கையில் இருப்பதை விடாமல் வைத்திருப்பது ஹோல்ட். மீன், பந்து, பஸ், திருடன், ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிற சளி, எல்லாமே ஓட்டத்தில் இருக்கிறவைதான். இதை நான் போர்டில் எழுதிக் காட்டவில்லை, ஒரு கயிற்றைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு பேரை நிற்க வைத்துச் செய்து காட்டச் சொன்னேன். வீசும்போது எல்லாரும் ‘கேட்ச்’ என்று கத்த வேண்டும், இழுக்கும்போது ‘ஹோல்ட்’. அரை மணி நேரத்தில் அது உடம்பில் ஏறிவிட்டது.

தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டப் படகு விடுகிறார்கள், வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள். அந்த மாதிரி இடத்தில் வேலைக்குப் போக ஆசைப்படுகிற பையன் ஒருவன், படகில் ஏறுகிறவர்களுக்குக் கை கொடுக்கும்போது ‘கேட்ச் மை ஹேண்ட்’ என்று சொல்லலாமா என்று கேட்டான். கை அசையாமல் நீட்டிக்கொண்டு இருக்கிறது, அதைக் கேட்ச் பண்ண வேண்டியதில்லை. ‘டேக் மை ஹேண்ட்’ அல்லது ‘ஹோல்ட் மை ஹேண்ட்’. குடையும் அப்படித்தான், விரித்துப் பிடித்தால் ஹோல்ட். பாம்பன் பாலத்தில் அடிக்கிற காற்றில் குடை கையை விட்டுப் பறந்து, ஓடிப் போய் அமுக்கினால் அது கேட்ச்.

இரண்டாவது கூறில் மீதி உள்ளவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல், வேறு வழி கிடையாது, அப்படியே படித்துக்கொள்ள வேண்டியதுதான். போட்டோ பிடிப்பது டேக். நேரம் பிடிப்பதும் டேக். குழாயில் தண்ணி பிடிப்பது ஃபில், குடத்தைச் சொல்ல வேண்டும், ‘ஐ ஃபில்ட் தி பாட்’. பஸ்ஸில் இடம் பிடித்து வைப்பது ‘சேவ் எ சீட்’. வீடு பிடிப்பது ஃபைண்ட். துருப்பிடிப்பது ரஸ்ட், அதுவே வினையாகவும் வரும். சம்பளத்தில் பிடிப்பது டிடக்ட், பேச்சில் கட். உன்னைப் பிடிக்கும் என்பது லைக், அங்கேயும் சளி மாதிரியே ஆள் இடம் மாறும், தமிழில் ‘எனக்கு’, இங்கிலீஷில் ‘ஐ’.

டவர் பிடிக்கிறது என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்குத் தெரியும், சில நேரம் செல்போன் இலங்கை நெட்வொர்க்கை எடுத்துக்கொண்டு அங்கிருந்து வரவேற்புச் செய்தி காட்டும். எங்கள் பெரியவர்கள் காலத்தில் இலங்கை வானொலி இந்தக் கரையில் துல்லியமாகப் பிடிக்கும். இதற்கு இங்கிலீஷில் ‘பிக் அப்’ சொல்ல வேண்டும், ‘மை போன் பிக்ட் அப் எ ஸ்ரீலங்கன் சிக்னல்’. டவர் பிடிக்கவில்லை என்றால் ‘ஐ ஆம் நாட் கெட்டிங் எ சிக்னல்’. கடலோரத்தில் இருக்கிற நமக்கு இது தினசரி தேவைப்படுகிற வாக்கியம், பாடப்புத்தகத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது.

இனி மூன்றாவது கூறு, இதில்தான் படிப்பு இருக்கிறது.

முதலில் மாட்டிக்கொள்வது. மழையில் மாட்டிக்கொண்டேன், ‘ஐ வாஸ் காட் இன் தி ரெயின்’. ஆணியில் சட்டை மாட்டிக்கொண்டது, ‘மை ஷர்ட் காட் ஆன் எ நெய்ல்’. கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டதும் அதேதான். பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், வலை மாட்டிக்கொண்டால் ‘தி நெட் காட் ஆன் தி ரீஃப்’. எங்கள் பக்கம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியும் பவளப் பார் கிடக்கிறது, வலை பாரில் சிக்கினால் அறுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதை அனுபவித்த பையனுக்கு இந்த வாக்கியத்தை இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை. தமிழில் நமக்குப் பிடியும் மாட்டும் இரண்டு தனி வினைகள். இங்கிலீஷ்காரருக்கு இரண்டுக்கும் கேட்ச் ஒன்றே. ‘மாட்டிக்கிச்சு’ என்று வாயில் வந்தால் காட் என்று முயன்று பார், பத்தில் ஏழெட்டு இடத்தில் சரியாக இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அடுத்தது, எல்லாவற்றிலும் உபயோகமானது, காதில் விழுவது. ‘சாரி, ஐ டிடன்ட் கேட்ச் தட்’. நீங்கள் சொன்னது காதில் சரியாக விழவில்லை என்று பொருள். இதற்கும் ‘ஐ டிடன்ட் அண்டர்ஸ்டாண்ட்’ என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கம்பெனி ஒன்றிலிருந்து சென்னை ஆள் போனில் இன்டர்வியூ எடுத்தபோது, வாடைக்காற்று சத்தத்தில் கேள்வி பாதிதான் கேட்டது, எங்கள் பெண் ஒருத்தி ‘ஐ டிடன்ட் அண்டர்ஸ்டாண்ட்’ என்றாள். எதிரில் இருந்தவர் உடனே நிறுத்தி நிறுத்திச் சின்னச் சின்னச் சொல்லாகப் பேச ஆரம்பித்துவிட்டார், அதாவது இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று முடிவு பண்ணிவிட்டார். அவளுக்கு நன்றாகவே தெரியும். தவறு காற்றினுடையது. கேட்ச் என்ற ஒரு சொல் போட்டிருந்தால் பழி போன் லைன் மேல் போயிருக்கும். வகுப்புக்கு வருகிற எல்லாரையும் இந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்ல வைக்கிறேன், பெயர் கேட்காவிட்டால் ‘ஐ டிடன்ட் கேட்ச் யுவர் நேம்’ என்பதையும் சேர்த்து. வெறும் ‘வாட்?’ என்று கேட்பது முரட்டுத்தனமாகத் தெரியும், இது மரியாதையாக இருக்கும்.

பிடிபடுவது என்ற அர்த்தத்தைச் சொல்லித் தரும்போது எனக்கு மனசு கனக்கும். ‘கெட் காட்’ என்றால் தப்புச் செய்து மாட்டிக்கொள்வது என்கிற வாடை அந்தச் சொல்லில் இருக்கிறது. காப்பியடித்து மாட்டினான், திருடி மாட்டினான், ‘காட் ரெட்-ஹேண்டட்’ என்றால் கையும் களவுமாக. எங்கள் கரையில் எல்லை தாண்டியதாகச் சொல்லி அப்பாக்களைக் கொண்டுபோய்விடுகிறார்கள். அதைப் பற்றி ஒரு பிள்ளை மனு எழுதும்போது ‘மை ஃபாதர் வாஸ் காட்’ என்று எழுதக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். காட் என்று போட்ட உடனே அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டாய். ‘டிடெய்ன்ட்’ என்று எழுது, பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பொருள் வரும். கைது என்றே பதிவாகியிருந்தால் ‘அரெஸ்டட்’. இங்கிலீஷ் பத்திரிகைகள் ‘அப்ரிஹெண்டட்’ என்றும் போடுகின்றன. மனு வாசிக்கிற அதிகாரியின் மனசில் முதல் வரியிலேயே என்ன படம் விழுகிறது என்பது அந்தக் குடும்பத்துக்கு ரொம்பப் பெரிய விஷயம். இதை வெறும் இலக்கணமாக நான் நினைக்கவில்லை.

கேட்ச் பெயர்ச்சொல்லாக வரும்போது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம், தமிழ்ச் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும்: மீன்பாடு. ‘இன்னிக்குப் பாடு எப்படி?’ என்று கரையில் கேட்கிறோமே, அதுதான் ‘ஹவ் வாஸ் தி கேட்ச் டுடே?’. பிடி என்ற சொல் இங்கே வராது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கியது, 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போகிற வரைக்கும் ரொம்ப வருஷம் இங்கே மண்டபத்தில்தான் இருந்தது. அந்த மாதிரி ஆராய்ச்சி அறிக்கைகளில் கேட்ச் என்றும் லேண்டிங் என்றும் இரண்டு சொல் வரும். வலையில் ஏறியது கேட்ச், கரைக்கு வந்து இறங்கியது லேண்டிங். நடுவில் கடலிலேயே திருப்பிப் போட்டது டிஸ்கார்ட். ‘கேட்ச் பர் யூனிட் எஃபர்ட்’ என்று ஒரு நீளமான தொடர் வரும், பயப்பட வேண்டாம், எவ்வளவு பாடுபட்டதற்கு எவ்வளவு மீன் ஏறியது என்கிற கணக்கு. டீசல் எவ்வளவு குடித்தது, மீன் எவ்வளவு ஏறியது என்று படகுக்காரர் மனசுக்குள் போடுகிற அதே கணக்குதான். படிக்கிற பையன் ஒருவன் இதை அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து, ‘அக்கா, அப்பா இதைத்தான் தினமும் வீட்ல புலம்புறாரு’ என்றான்.

பைகேட்ச் என்றால் நாம் தேடிப் போகாமல் கூடவே வலையில் வந்தது. சங்காயத்தை, அதாவது விலை போகாத கழிவு மீனை, மட்டும் நினைத்துக்கொள்ளக் கூடாது, கடல் ஆமை, கடல் குதிரை, கடல் அட்டை, எப்போதாவது ஆவுளியா என்கிற கடல் பசு, இவை வலையில் வந்தாலும் அதே சொல்தான். கடல் அட்டை 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது, ஆவுளியாவுக்காகப் பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாகவே அறிவித்திருக்கிறார்கள். இதைப் பற்றி இங்கிலீஷில் வருகிற நோட்டீஸ்களில் பைகேட்ச் என்ற சொல் வரலாம். ‘இட் வாஸ் பைகேட்ச், வி ரிலீஸ்ட் இட்’ என்கிற வாக்கியம் நம் பையன்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

கண்மாய்க்காரப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு இங்கிலீஷில் ‘கேட்ச்மென்ட் ஏரியா’. தமிழிலும் பிடி, அங்கேயும் கேட்ச். வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து விழுகிறது என்று படித்த பிள்ளை இதை மறக்காது. பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ எந்தெந்த ஊர் ஆட்கள் வருவார்கள் என்பதற்கும் இதே தொடர் வரும்.

கிரிக்கெட்டில் ஒரு சின்ன விஷயம். ‘கேட்ச் பிடிச்சான்’ என்று தமிழில் சொல்லிச் சொல்லி, இங்கிலீஷில் ‘காட் எ கேட்ச்’ என்று எழுதுகிறார்கள். ‘டுக் எ கேட்ச்’ என்று சொல்வதுதான் வழக்கம், விட்டுவிட்டால் ‘டிராப்ட்’.

கேட்ச் அப் என்றால் எட்டிப் பிடிப்பது, முன்னால் போகிறவனை ஓடிச் சேர்வது. அதோடு ‘வித்’ சேர்ந்தால் ஆள், ‘ஆன்’ சேர்ந்தால் விட்டுப்போன வேலை. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகிற பையன்கள் ஒழுங்காக வகுப்புக்கு வருவார்கள், வருஷம் முழுக்க விட்ட பாடத்தை எல்லாம் அப்போதுதான் பிடிக்கிறார்கள், ‘கேட்ச் அப் ஆன் லெசன்ஸ்’. ஆனால் ஆபீஸில் ஒருவர் ‘லெட்ஸ் கேட்ச் அப்’ என்று சொன்னால் ஓட வேண்டியதில்லை, சந்தித்துப் பேசலாம் என்கிறார். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, மேனேஜர் அப்படி எழுதியதும் தான் வேலையில் பின்தங்கிவிட்டதாக நினைத்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் எனக்குப் போன் பண்ணினாள்.

கேட்ச் என்பதற்கு மிச்சம் இருப்பது ஓர் அர்த்தம், வளைகுடா போகிறவர்களுக்காக நான் விடாமல் சொல்வது. ‘வாட்ஸ் தி கேட்ச்?’ என்றால் ‘இதுல என்ன வில்லங்கம்?’. வெளியே நல்லதாகத் தெரிகிற ஒன்றுக்குள் மறைந்திருக்கிற நிபந்தனை. நிலம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோமே, அதே வில்லங்கம். வட்டியில்லாக் கடன், இலவச விசா, சாப்பாடு தங்குமிடம் ஃப்ரீ என்று செல்போனில் வருகிற எல்லாவற்றின் முன்னாலும் மனசுக்குள் இந்தக் கேள்வியைப் போட வேண்டும். மனசுக்குள் என்றுதான் சொல்கிறேன். நண்பனிடம் கேட்கலாம், ஆள் எடுக்க வந்தவர் முகத்துக்கு நேரே ‘வாட்ஸ் தி கேட்ச்?’ என்றால் ‘நீ ஏமாற்றுகிறாய்’ என்று சொல்வது மாதிரி ஆகிவிடும். அவரிடம் ‘ஆர் தேர் எனி கண்டிஷன்ஸ்?’ என்று கேட்க வேண்டும். அதற்கும் மேல் குறிப்பாகக் கேட்க வேண்டும்: டிக்கெட் பணம் யார் தருவது, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், ஒப்பந்தம் முடியாமல் திரும்பினால் என்ன ஆகும், சம்பளத்தில் எதற்காவது டிடக்ஷன் உண்டா. எங்கள் பையன் ஒருவன் இந்த நாலையும் மெயிலில் எழுதிக் கேட்டான். முதல் மாதங்களில் டிக்கெட் செலவு சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று பதில் வந்தது, விளம்பரத்தில் அது இல்லவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்கு விண்ணப்பம் போட்டான். அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், பெயரை மட்டும் மறைத்து.

நீங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவராக இருந்தால் ஒன்று செய்து பாருங்கள், ஒரு சொல்லுக்கு ஒரு மாதம் கூடக் கொடுக்கலாம், அவசரப்பட வேண்டாம். நோட்டில் இடது பக்கம் பிள்ளை வாயில் வந்த தமிழ் வாக்கியம், அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே, திருத்தாமல். வலது பக்கம் இங்கிலீஷ். தனிச் சொல்லாக எழுத விடாதீர்கள், யார், எதை, எங்கே எல்லாம் சேர்ந்த முழு வாக்கியமாக இருக்கட்டும். வலது பக்கம் தெரியாவிட்டால் காலியாக விடட்டும், அந்தக் காலி இடத்துக்குப் பதில் தேடும்போதுதான் அகராதியைத் திறக்க வேண்டும், அப்போது அகராதி உண்மையிலேயே உதவும்.

நாங்கள் இப்போது ‘அடி’யை எடுத்திருக்கிறோம். வெயில் அடிக்குது, காத்து அடிக்குது, பெல் அடிக்குது, பெயிண்ட் அடிக்கணும், டீசல் அடிக்கணும், மீன் வாடை அடிக்குது. ஹிட் என்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறார்கள், எதுவும் பொருந்தவில்லை. அலை அடிக்கிறதுக்கு மட்டும் பொருந்தும் என்று ஒருத்தி பிடிவாதமாக நிற்கிறாள். அவள் சொல்வது சரி.